கயிறு இழுத்தவர்கள்

பாவூர்சத்திரத்தில் நின்று மேற்கே நோக்கினால் குற்றால மலைத்தொடர் நீலச் சுவரென எழுந்து நிற்கும். அதன்மேல் முகில் படியும் சாரல் காலங்களில், காட்டுக்குள் பெருங்கனவைச் சுமந்து சென்ற மனிதர்களை எண்ணிக்கொள்வேன். அவர்களைப் போற்றுவதா, அஞ்சுவதா என்ற கேள்வி உடன் எழும்.

ஜெர்மானிய இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் 1982-இல் அளித்த 'ஃபிட்ஸ்கரால்டோ' அத்தகைய ஒருவனின் கதை. அமேசான் காட்டு நகரான இக்கிட்டோசில் இசைநாடக அரங்கொன்று எழுப்ப வேண்டும் என்பது அவன் வேட்கை. அதற்கான பொருளை ரப்பர் மரங்களிலிருந்து ஈட்ட எண்ணி, நீராவிக் கப்பல் ஒன்றை மலைமேல் ஏற்றி மறுபுறத்து ஆற்றில் இறக்குகிறான். கயிறு இழுப்பவர்கள் பழங்குடி மக்கள். இயக்குநரும் பொம்மைக் கப்பலை நாடவில்லை. மெய்யான கப்பலையே இழுக்கச் செய்தார். படப்பிடிப்பில் பலர் காயமுற்றனர். பித்தனின் கதையைச் சொன்னவரையும் அந்தப் பித்து விடவில்லை.

நம் மலைத்தொடரிலும், வடக்கே முல்லைப் பெரியாற்றில், இதற்கு இணையான ஒரு கனவு அரங்கேறியது. மேற்கே ஓடும் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, நீரைக் கிழக்கே வைகைக்குத் திருப்பும் பணி, பொறியாளர் பென்னிகுவிக் பொறுப்பில் 1887-இல் தொடங்கிற்று. கட்டியதை வெள்ளம் அடித்துச் சென்றது, மீண்டும் கட்டினார்கள். 1895-இல் அணை நிறைவுற்றது. தம் சொத்தை விற்று அவர் அணையை முடித்தார் என்று மக்கள் நெகிழ்ந்து சொல்வர்; அதற்குச் சான்றில்லை என்போரும் உளர். எப்படியாயினும், தேனி, மதுரை, சிவகங்கைச் சீமைகளின் வயல்கள் அவருக்குக் கடன்பட்டவை. 2013-இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது.

இருவருக்கும் உள்ள வேறுபாடு எளிது எனத் தோன்றும். ஒருவன் தன் இசைத் தாகத்துக்காக மலையை எதிர்த்தான். மற்றவர் பிறர் தாகத்துக்காக எதிர்த்தார். ஆம், கனவின் மறுமுனையில் நிற்பவர் யார் என்பதே அதன் அறத்தை அளக்கும் முதற்கோல். ஆனால் அது ஒன்றே போதுமா?

பெரியாற்றுக் காட்டில் நோயால் மட்டும் 400-க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். அணைக்கு அருகிலேயே புதைக்கப்பட்டனர். ஃபிட்ஸ்கரால்டோவை நாம் தயங்காமல் கண்டிக்கிறோம்; அவனுடைய அரங்கால் நமக்குப் பயனேதுமில்லை. பெரியாற்றைப் பற்றி அதே கேள்வியைக் கேட்க நா எழுவதில்லை. நாம் உண்ட சோறு நம் வாயை அடைத்துவிடுகிறது. தீய கனவு தன் பலிகளை மறைக்க முயல்கிறது. நல்ல கனவுக்கோ அந்த முயற்சியே தேவையில்லை. பயன்பெற்ற நாமே மறந்துவிடுகிறோம்.

அந்தப் படத்தில் ஒரு திருப்பம் உண்டு. கப்பலை மலை கடத்திய பழங்குடியினர், இரவில் அதன் கயிற்றை அறுத்து வெள்ளச் சுழலில் விட்டுவிடுகின்றனர். ஆற்றின் சீற்றத்தைத் தணிக்கும் காணிக்கையாகவே அவர்கள் அத்தனை நாள் உழைத்திருக்கிறார்கள். இழுத்தவர்களுக்கும் ஒரு கனவு இருந்தது. அவன் அதைக் கேட்டதே இல்லை.

கூலிக்குக் கல் சுமந்து பெரியாற்றங்கரையில் மடிந்தவர்களுக்கும் கனவுகள் இருந்திருக்கும். அவற்றை இனி நாம் அறிய இயலாது. ஆயினும் தைத்திங்களில் பென்னிகுவிக்கை நினைந்து பொங்கலிடும்போது, அந்தப் பெயரறியாதோர்க்கும் ஒரு கைப்பிடி அரிசி சேர்த்திட இயலும். கனவு கண்டவரை மட்டும் நினைப்பது பாதி நன்றியே. அதைச் சுமந்தவரையும் நினைக்கையில்தான் அது நிறைவுறும்.