உருவமற்ற ஓவியமும் உழைப்போர் உரிமையும்

பயன் ஒன்றும் கருதாது மனிதன் ஒரு செயலைச் செய்யலாமா? நாள் முழுதும் பிறருக்கு உழைத்து வீடு திரும்பும் ஒருவர், மரமென்றும் மனிதரென்றும் பெயரிட்டுச் சொல்லவியலாத வண்ணங்களைத் தாளில் தீட்டி மகிழ்வாராயின், அதனை வீண்பொழுதென இகழ்வதா, உரிமையென மதிப்பதா? நாம் ஆராயப் புகுவது இவ்வினாவையே.

இத்தகைய சித்திரத்தை அரூப ஓவியம் என்பர். இதனைக் கண்டதும் நம்மவர் கேட்கும் முதற்கேள்வி, "இஃது எதைப்போல் இருக்கிறது?" என்பது. அடுத்தது, "இதனால் எத்தனை வெள்ளி கிடைக்கும்?" என்பது. விடை இல்லையெனில், பைத்தியக்காரத்தனம் என்று தீர்ப்பளித்து விடுகின்றனர். வாசலில் கோலமிடும் அன்னையை இக்கேள்விகள் கேட்டதுண்டா? புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடும் சிக்குக்கோலம் எப்பொருளின் சாயலும் அன்று. விற்பனைக்கு உரியதும் அன்று. பொழுது சாயுமுன் மிதிபட்டு மறைவது. எனினும் அதனை அழகென்கிறோம். பழகியதை அழகென்றும் பழகாததைப் பைத்தியமென்றும் கூறுதல் அறிவாராய்ச்சி ஆகாது. வழக்கத்திற்கு அடிமைப்படுதலே ஆகும்.

"ஓவியம் செல்வர்க்கு உரியது; உழைப்பவனுக்கு எதற்கு?" என்பாரும் உளர். அவர்கள் அமெரிக்கக் கறுப்பின மாதரசி ஆல்மா தாமஸின் வரலாற்றை அறிதல் நன்று. அவர் 1891-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தார். அந்நாளில் அங்குக் கறுப்பினத்தார் கலைக்கூடங்களில் கால்வைக்கவும் இயலாது. 1924 முதல் 1960 வரை வாஷிங்டன் நகரில் பள்ளியாசிரியையாகப் பணியாற்றினார். ஓய்வு பெற்ற பின்னரே ஓவியத்தில் முழுமையாக ஈடுபட்டார். தம் சிறிய வீட்டின் சமையலறையும் கூடமுமே அவருக்குக் கலைக்கூடம். மூட்டுவாதம் வருத்திய போதும், சன்னலுக்கு வெளியே மரத்தின் இலைகளிடையே அசைந்த ஒளியைக் கண்டு, மரத்தை வரையாமல், அவ்வசைவைச் சிறுசிறு வண்ணத் தீற்றல்களாக அடுக்கினார். 1972-இல் நியூயார்க் விட்னி கலைக்கூடத்தில் தனிக் கண்காட்சி கண்ட முதற் கறுப்பின மாது அவரே.

புகழ் வந்தமையால் அவர் செயல் நியாயமாயிற்று எனக் கொள்ளற்க. ஒருவரும் அறியாது போயிருப்பினும், அச்சமையலறையில் அவர் பெற்ற விடுதலை விடுதலையே. நம் முன்னோர் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கங்காணி காட்டிய நிரையில் பால்மரம் சீவினர். இன்று நகரில் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் உழைப்பார்க்கும் கை அசைவதெல்லாம் பிறர் கட்டளைப்படியே. வெள்ளைத் தாளின் முன்னோ கட்டளையிடுவார் இல்லை. சிவப்பா நீலமா என்பதைத் தாமே தீர்மானித்தல் வேண்டும். தவறினால் கெடுவது ஒரு தாள் மட்டுமே. தாமே துணிந்து, தம் துணிவிற்குத் தாமே பொறுப்பேற்கும் பயிற்சி அன்றோ இது? அப்பயிற்சி பெறாத சமூகம் எவ்வாறு தலைநிமிரும்?

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கணவன் வண்ணம் குழைக்க, மனைவி ஒருத்தியே அடுப்பூதிக் குழந்தையையும் பேணுவாளாயின், அது சுதந்தரம் அன்று. ஒருவர் உழைப்பைத் திருடி மற்றவர் கொண்டாடும் திருவிழா! பின்னாளில் அரூப ஓவியத்தில் பெரும்புகழ் எய்திய பால் கிளே, 1906-இல் மணம் முடித்து ஜெர்மனியின் மூனிக் நகரில் குடியேறினார். மனைவியார் பியானோ கற்பித்துப் பொருளீட்ட, அவர் வீட்டிலிருந்து சமைத்தார். 1907-இல் பிறந்த மகனைப் பேணினார். அச்சமையலறையிலேயே படமும் தீட்டினார். வேலையைப் பகிர்ந்துகொண்ட வீட்டிலேதான் கலைச் சுதந்தரமும் பகிரப்படும்.

ஆதலின், தோழர்களே, வீட்டில் ஒரு மூலையும் ஓய்வில் ஒரு நாழிகையும் இதற்கென ஒதுக்குக. தாளையும் வண்ணத்தையும் மனைவிக்கும் மகளுக்கும் முதலிற் கொடுங்கள். அவர்கள் தீட்டியதைக் கண்டு "இஃது என்ன?" என்று வினவாதீர்கள். "இன்னும் ஒரு தாள் வேண்டுமா?" என்று கேளுங்கள். அக்கேள்வி ஒன்றே போதும்.