பராக்கும் சம்மதமும்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் வெனான்சியுஸ் பூஷே என்னும் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி கோயில் எழுப்பி, மதுரை மிஷனின் நிலையங்களுள் ஒன்றாக வளர்த்த ஊராகும். அம்மரபில் வந்த தமிழ்க் கத்தோலிக்கர், செபவேளையில் மனம் வேறெங்கோ அலைவதைப் 'பராக்கு' என்பர். குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில், செபத்தில் பராக்குக்கு இடங்கொடுத்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது நெடுநாள் வழக்கம். திருப்பலியில் குரு அப்பத்தை உயர்த்தும் நேரத்தில், ஒரு தாயின் கைப்பைக்குள்ளிருந்து கடன் தருவதாகச் சொல்லும் குறுஞ்செய்தி ஒலித்தால், அந்தப் பராக்கு யார் கணக்கில் சேரும் என்பது விளையாட்டுக் கேள்வியன்று.

13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், செபத்திற்குரிய கவனத்தைச் சொற்களைப் பிழையின்றி உச்சரிப்பது, அவற்றின் பொருளில் ஊன்றுவது, செபம் யாரை நோக்கியதோ அந்த இறைவனிடம் ஊன்றுவது என மூவகைப்படுத்தி, கடைசி வகையே மிகத் தேவையானது என்றும், கல்லாதவர்க்கும் அது கைகூடும் என்றும் கூறினார். மனம் தானறியாமல் அலைந்தால் செபத்தின் பலன் அழிவதில்லை, தெரிந்தே அலையவிடுவதுதான் பாவம் என்பது அவர் முடிவு. ஆனால் அவர் ஆராய்ந்தது மனித மனத்தின் பலவீனத்தை. ஒருவரின் பராக்கையே இன்னொருவர் திட்டமிட்டு விலைபேசும் தொழிலை அன்று.

விளைவை விரும்பாதவரும், அதன் காரணத்தை அறிந்தே விட்டுவைத்தால் பொறுப்பாளியாவார் என்பது அறவியலின் பழைய விதி. அதன்படி, கைபேசியின் ஒலியை அடக்காத தாயே குற்றவாளி. நேரான தீர்ப்புதான், எனினும் அவசரத் தீர்ப்பு. மகன் வளைகுடா நாட்டில் வேலை செய்ய, எந்த நேரமும் அவனிடமிருந்து அழைப்பு வரலாம் என்று கைபேசியைத் திறந்து வைத்திருப்பவர் பராக்குக்கு இடங்கொடுக்கவில்லை, தம் கடமைக்கு இடங்கொடுக்கிறார். நோயுற்ற ஏழை அழைத்தால் செபத்தை விட்டு எழுந்து போவதும் இறைவனிடம் போவதே என்று வின்சென்ட் தே பவுல் 17ஆம் நூற்றாண்டிலேயே தம் சபைச் சகோதரிகளுக்குக் கற்பித்தார். நாள்தோறும் மூவேளை செபத்திற்கு ஒலிக்கும் கோயில் மணியும் வயல்வேலையில் குறுக்கிடுவதுதான். ஆகவே குறுக்கீடு தன்னளவில் குற்றமன்று. மகனுக்காகத் திறந்து வைத்த கதவில் கடன் விற்பவன் நுழைவதே குற்றம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) வணிகச் செய்திகளுக்கென 2018இல் வகுத்த விதிகள், அவற்றைப் பெறுபவரின் விருப்பத்தையும் சம்மதத்தையும் பதிவுசெய்யச் சொல்கின்றன. வேண்டாத வணிகச் செய்தியைத் தடுக்கவும் அதுபற்றிப் புகார் அளிக்கவும் 1909 என்ற எண் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ சம்மதம் கட்டாயமற்றதாகவும் விவரம் அறிந்து தருவதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில், சிம் வாங்கிய அன்றோ ஒரு செயலியைத் தரவிறக்கிய அன்றோ படிக்காமல் போட்ட ஒரு டிக், ஆயுட்காலச் சம்மதமாக எண்ணப்படுகிறது. ஒரு செயலைச் சாவான பாவம், அதாவது ஆன்மாவை இறையருளிலிருந்து பிரிக்கும் கனமான பாவம், என்று தீர்க்கவே முழு அறிவும் முழுச் சம்மதமும் கேட்கும் திருச்சபையின் அளவுகோலில் அந்த டிக் செல்லாது. கைபேசியை அணைத்துவிட்டு வரும்படி தாய்க்கு மட்டும் புத்தி சொல்லும் குரு, வழக்கில் பாதியைத்தான் விசாரித்திருக்கிறார். மறுபாதிக்கு உரியவர் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருவதே இல்லை.