ஒப்புதல் என்னும் சொல்லின் பொருள்

குற்றம் இழைத்தவன் தன் குற்றத்தைத் தன் வாயாலேயே எடுத்துரைக்க வேண்டுவது எதற்காக? தீங்குற்றவன் அதனை முன்னரே அறிவான். முற்றும் அறிந்த கடவுள் ஒருவர் உளர் என நம்புவோர்க்கு, அக்கடவுளும் அதனை அறிவார். அறிந்தவர்க்கே மீண்டும் அறிவிப்பதனால் விளையும் பயன் யாது? கிறித்தவர்களின் புதிய ஏற்பாட்டில் வழங்கும் கிரேக்கச் சொல் ஒன்றனை ஆராயின் இவ்வினாவிற்குத் தக்க விடை கிடைக்கும்.

அச்சொல் 'ஹொமொலொகெயோ' என்பதாம். 'ஹொமொஸ்' என்றால் ஒத்தது. 'லொகொஸ்' என்றால் சொல். ஆகவே ஒத்த சொல்லைச் சொல்லுதல், அஃதாவது மற்றொருவர் கூறுவதனையே தானும் கூறுதல் என்பது அதன் முதற்பொருள். யோவானின் முதல் நிருபம் பாவத்தை வெளிப்படக் கூறுதல் பற்றிப் பேசுமிடத்து ஆளப்பெறுவது இச்சொல்லே. தமிழ் விவிலியம் இதனை 'அறிக்கையிடுதல்' என்கின்றது; கத்தோலிக்கர் வழக்கில் அச்சடங்கு 'பாவசங்கீர்த்தனம்' எனப்படும். அறிக்கை, அறிவித்தலைக் குறிக்கும். சங்கீர்த்தனம், எடுத்தோதுதலைக் குறிக்கும். நம் மக்கள் நாவில் நாள்தோறும் பயிலும் 'ஒப்புக்கொள்ளுதல்' என்னும் சொல்லோ கிரேக்கச் சொல்லின் கருத்தையே தாங்கி நிற்கின்றது. ஒப்பு என்பது ஒத்திருத்தல் அன்றோ?

இச்சொல் கோயிலில் மட்டும் வழங்கியதன்று, கடைத்தெருவிலும் வழங்கியது. எகிப்து நாட்டில் கிடைத்த பண்டைக் கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளுள் கடன்முறி, விலையாவணம், குத்தகைச் சீட்டு முதலியன பல உள. இன்னார் இன்னாருக்கு ஒப்புக்கொள்கின்றார் என இவ்வினைச்சொல்லைக் கொண்டே அவற்றுட் பல எழுதப்பட்டன. அங்ஙனம் எழுதிக் கொடுத்தவன் கடமைப்பட்டவன் ஆனான். ஒப்புதல் என்பது வெறும் வாய்மொழியாய் முடிவதன்று. ஒரு கடனைத் தோள்மேல் ஏற்றுவதாகும்.

அங்ஙனமாயின், பிறர் கூறுவதற்கெல்லாம் ஆமென்று தலையசைத்தல் அறமாகுமோ? ஆகாது. இயேசுவைக் காட்டிக்கொடுக்கப் பொருள் பெற்று யூதாஸ் உடன்பட்டதனைக் கூறும் லூக்கா (22:6), இச்சொல்லின் கிளையாகிய 'எக்ஸொமொலொகெயோ' என்பதனையே அங்கு ஆள்கின்றார். ஆசையால் இசைவதும் ஓர் ஒப்புதலே. அச்சத்தால் இசைவதும் ஓர் ஒப்புதலே. ஆனால் அவை உண்மையோடு ஒத்தன அல்ல. காவல் அதிகாரியிடம் தந்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு எதிராக மெய்ப்பித்தல் கூடாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த சட்டமும் அவ்விதியைக் கைவிடவில்லை. அச்சத்தின் வாய்ச்சொல் உண்மையின் வாய்ச்சொல் ஆகாது என்பதனைச் சட்டமும் உணர்ந்துளது.

பின்னர், யாருடைய சொல்லோடு நம் சொல் ஒத்தல் வேண்டும்? நிகழ்ந்த செயலோடும், அச்செயலால் நைந்தவனது சொல்லோடும் ஒத்தல் வேண்டும். கூலியைக் குறைத்தவன், "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது" என்கின்றான். கூலியை இழந்தவன், "நீ என் உழைப்பைப் பறித்தாய்" என்கின்றான். முன்னவன் கூற்றில் செய்தவனும் இல்லை, இழந்தவனும் இல்லை; மழை பெய்தாற்போலத் தவறு தானே நேர்ந்ததாம்! இவ்விரு சொற்களும் ஒவ்வாதவரை ஒப்புதல் பிறந்ததாகாது.

எபிரேயர் மறையில் தாவீது மன்னனின் வரலாறு இதனை விளக்கும். உரியா என்னும் வீரனின் மனைவியைக் கவர்ந்து, அவனைப் போர்முனையில் மடியச் செய்தவன் அம்மன்னன். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வன் ஒருவனின் கதையை நாத்தான் கூற, அரசன் சினந்து அச்செல்வனுக்குச் சாவுத் தண்டம் விதித்தான். அச்செல்வன் அரசனே என்று நாத்தான் சுட்டினார். அயலானைக் குறித்துச் சொன்ன அதே சொல்லைத் தன்னைக் குறித்தும் சொல்ல நேர்ந்தது! தாவீது, தான் கடவுளுக்கு எதிராகப் பாவம் செய்ததாக ஒப்பினான். எனினும் அம்மறுமொழியில் உரியாவின் பெயர் இல்லை. தீங்குற்றவனை விடுத்து விண்ணோக்கி மட்டும் கூறும் ஒப்புதல் பாதி ஒப்புதலே என்பது நம் கருத்து.

எரிகோ நகரத்து வரி தண்டுவோர் தலைவனாகிய சகேயு இதனினும் மேலான வழியில் நின்றான். உடைமையிற் பாதியை ஏழைகட்கு ஈவதாகவும், ஏமாற்றிப் பெற்றதனை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அவன் உரைத்தான். லூக்கா அவ்விடத்து நாம் ஆராயும் சொல்லை ஆளவில்லை. ஆயினும் அதன் பொருள் முழுதும் அங்குளது. இழந்தவன் கணக்கும் எடுத்தவன் கணக்கும் அங்கே ஒன்றாயின.

யாக்கோபின் நிருபம், குற்றங்களை ஒருவருக்கொருவர் கூறிக்கொள்ளப் பணிக்கின்றது. வினய நெறியிலும் பிக்கு தன் குற்றத்தை மற்றொரு பிக்குவிடம் உரைக்கின்றார். அதனைக் காண்கின்றீரா என வினவப்பெற்று, காண்கின்றேன் என விடையிறுக்கின்றார். இனி அடங்கி ஒழுகுமாறு அறிவுறுத்தப்பெறுகின்றார். கேட்பவர் அறியாததனை அறிவித்தல் அங்கும் நோக்கமன்று. செய்தவர் தம் கண்ணால் தாமே காண்டலே நோக்கம்.

ஆதலின், முதலில் எழுந்த வினாவிற்கு விடை இதுவாம்: ஒப்புக்கொள்ளுதல் கேட்பவன் அறிவிற்காக அன்று, சொல்பவன் நா நேராவதற்காக. நம்மால் தீங்குற்றவர் ஒருவர் இருப்பின், அவர் அத்தீங்கிற்கு என்ன பெயர் இடுகின்றார் என முதற்கண் கேட்போமாக. அப்பெயரை நம் நா தயங்காது சொல்லவும், நம் கை அதற்குரிய கடனைச் செலுத்தவும் வல்லதாகும் அன்றே நாம் ஒப்புக்கொண்டவர் ஆவோம்.