தண்ணீரும் ஊற்றும்



"தண்ணீர் குடிக்கும்போது ஊற்றை நினை" என்பது சீனப் பழமொழி. ஸ்காபரோவில் ஒரு சீனக் கடை நாட்காட்டியில் கண்டு, கடைக்காரரிடம் பொருள் கேட்டறிந்தோம். அன்றுமுதல் அது எம் மனத்தை விட்டு அகலவில்லை.

முதலில் எளிதாகவே பட்டது. ஊற்று என்றதும் எமக்குக் கீரிமலை நினைவில் வந்தது. கடலருகே நன்னீர் சுரக்கும் அக்கேணியில் ஆடி அமாவாசையன்று நீராடி, மறைந்த தந்தையருக்குப் பிதிர்க்கடன் செய்வது எம்மவர் வழக்கம். ஆகவே, "ஊரை மறவாதே" என்பதே இதன் பொருள் என்று முடிவு செய்தோம்.

பின்னர் ஒருநாள் பிக்கரிங்கில் அன்னதான வேளை. பாதித் தண்ணீரோடு கோப்பையை வைத்துவிட்டு எழுந்த பேரனிடம் ஒரு பெரியவர், "எங்கட தண்ணி எங்கயிருந்து வருது, தெரியுமோ ராசா?" என்று கேட்டார். "ஒன்ராறியோ ஏரியில இருந்து, அம்மப்பா" என்றான் பிள்ளை. பெரியவர் வாயடைத்துப் போனார். நாமுந்தான்.

பிள்ளை சொன்னதில் பிழையில்லை. இங்கே எம் குழாயில் வருவது அந்த ஏரி நீரே. அதன் கரையில் எமக்கு முன்னரே வாழ்ந்தவர்கள் மிசிசாகா மக்கள். 1923ஆம் ஆண்டு வில்லியம்ஸ் ஒப்பந்தங்களின் பின் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் இருந்த உரிமைகள் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. 2018ஆம் ஆண்டிலேயே அரசு மன்னிப்புக் கேட்டது. நிலம் இழந்தவரின் துயர் எமக்குத் தெரியாததன்று. ஆயினும் அவர்களை ஒருநாளாவது நாம் நினைத்ததுண்டா?

இப்பழமொழி, யூ சின் (513-581) என்ற புலவரின் பாடலொன்றிலிருந்து பிறந்தது. 554ஆம் ஆண்டு தென்னாட்டுத் தூதராக வடக்கே சென்றவர் அவர். அவ்வாண்டிலேயே அவரது நாட்டின்மீது வடக்கின் படை பாய்ந்தது. அவர் ஊர் திரும்பவேயில்லை. வடக்கிலேயே வாழ்ந்து மறைந்தார். திரும்ப முடியாத ஒருவருக்கு நினைத்தல் என்பது என்ன? எம்மில் பலருடைய கேள்வியும் இதுவல்லவா?

ஊற்றுக்கு நாம் தண்ணீரைத் திருப்பி ஊற்ற முடியாது. பெற்றோர் செய்ததைப் பெற்றோருக்கே முழுவதும் திருப்பிச் செய்தவர் எவருமில்லை. எமக்குப் பின் குடிக்க வருவோருக்கு நீரைக் கலங்காமல் விடுவதே எம்மாலாவது.

"பிள்ளைகள் ஊரை மறந்துவிட்டார்கள்" என்று குறைப்படுகிறோம். சொல்லாத ஒன்றை அவர்கள் எப்படி மறப்பது? வேலை, வீட்டுக் கடன், குளிர் என்று நாட்களை ஓட்டிவிட்டு, பழியை மட்டும் பிள்ளைகள்மேல் போடுகிறோம்.

இந்த வாரம் ஒருநாளாவது எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள். உங்கள் வீட்டுக் கிணற்றை வெட்டுவித்தவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் பள்ளியில் படித்த ஏரியின் கதையை அவர்களிடம் கேளுங்கள். இரண்டும் எம் ஊற்றுகளே.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.