ஈடாகக் கிடைத்த சதுப்புநிலம்

ஹாங்காங்கின் வடமேற்கு மூலையில், தின் ஷுய் வாய் புறநகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளை ஒட்டி 61 ஹெக்டேரில் விரிந்து கிடக்கிறது ஹாங்காங் வெட்லாண்ட் பார்க். அலையாத்தி மரங்களுக்கு நடுவே மரப்பலகை நடைபாதை. கீழே சேற்றில் தத்தித் தாவும் மீன்கள், பெரிய ஒற்றைக் கொடுக்கை ஆட்டிக் காட்டும் நண்டுகள். பார்க்கிறவர்கள் இயற்கை என்றுதான் சொல்வார்கள். ஆனால் இது உருவாக்கப்பட்டது. புறநகருக்காக மீன்குட்டைகள் தூர்க்கப்பட்டபோது, அந்த இழப்புக்கு ஈடாக அமைத்து, 2006 மே மாதம் திறந்தார்கள்.

அழித்ததற்கு ஈடாக இன்னொரு இயற்கையைச் செய்து கொடுத்துவிட முடியுமா?

முடியாது என்றார் தத்துவ அறிஞர் ராபர்ட் எலியட். நகல் ஓவியம் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் மதிப்பில் மூல ஓவியத்துக்கு ஈடாகாது; அது எப்படிப் பிறந்தது என்பதும் மதிப்பில் சேர்த்தி. நிலமும் அப்படித்தான் என்று 1982இல் வெளிவந்த கட்டுரையில் வாதிட்டார். கனிமத்தைத் தோண்டி எடுத்த பிறகு மரம் நட்டுப் பழையபடி ஆக்கித் தருகிறோம் என்பவர்களுக்கு அவர் சொன்ன பதில் இது.

நியாயமான வாதம்தான். ஆனால் தின் ஷுய் வாயில் அசல் எது? தூர்க்கப்பட்ட குட்டைகளே மனிதர் கரைகட்டி வெட்டியவை. பக்கத்திலுள்ள மாய் போ சதுப்புநிலம், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 1995 முதல் இருக்கிறது. அங்குள்ள குட்டைகள் 1940களில் இறால் வளர்ப்புக்காக உருவானவை. குளிர்காலத்தில் மதகைத் திறந்து நீரை வடித்தால், விலைபோகாத பொடிமீன்கள் மிஞ்சும். கருமுகக் கரண்டிவாயன்கள் இறங்கி, லேசாகத் திறந்த அலகை இடமும் வலமுமாக வீசித் துழாவும். மீன் பட்டதும் அலகு சட்டென மூடிக்கொள்ளும். 1980களின் இறுதியில் உலகெங்கும் சில நூறே எஞ்சியிருந்த இந்தப் பறவைகள், இன்று 6,000க்கும் மேல். இப்போதும் குளிர்காலத்தில் நீரை வடிக்கிறார்கள், அறுவடைக்காக அல்ல, பறவைகளுக்காக.

கரண்டிவாயன் குட்டையின் பூர்வீகம் கேட்பதில்லை. மனிதக் கை பட்டதாலேயே ஒரு நிலம் போலியாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அதற்காக எலியட்டை ஒதுக்கிவிடவும் முடியாது. இறால் குட்டை வெட்டியவர்கள் அதைக் காட்டி வேறொரு நிலத்தைத் தூர்க்க அனுமதி கேட்கவில்லை. ஈடு தருகிறோம் என்ற வாக்குறுதியோ அழிப்பதற்கான அனுமதிச் சீட்டாகவே மாறிவிடுகிறது. அருகிலுள்ள சான் தின் பகுதியில் தொழில்நுட்ப நகருக்காகச் சுமார் 90 ஹெக்டேர் ஈரநிலத்தைத் தூர்க்கும் திட்டம் இப்போது கையில் இருக்கிறது. ஈடாக, சாம் போ ஷூவில் 338 ஹெக்டேர் சதுப்புநிலப் பூங்கா அமைப்பதாக அரசு சொல்கிறது. அந்த இடத்தில் மீன்குட்டைகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைச் செம்மைப்படுத்திப் பறவைகளுக்கு ஏற்றதாக்கலாம். ஆனால் தூர்க்கப்படும் நீர்ப்பரப்பு அதனால் திரும்பி வராது.