அறுந்துபோன எர்த் கம்பி



மத்தேயு 5:23, 24-ஐ ஒருமுறை வாசித்துவிட்டு இதைப் படியுங்கள். அந்த இரண்டு வசனங்களையும் வைத்து நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் எனக்கு அவற்றைப் புரியவைத்தது ஒரு கார் மெக்கானிக்.

2009 நவம்பர், நல்ல அடைமழை. இரவு 11 மணிக்குமேல் ஆஸ்பத்திரியிலிருந்து போன். நம் சபையின் வயதான சகோதரி ஒருவர் பாஸ்டரைப் பார்க்கவேண்டும் என்று கேட்கிறாராம். அப்போது என்னிடம் இருந்தது ஒரு பழைய பெட்ரோல் அம்பாசடர். சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹெட்லைட் போட்டேன், எதிர்ச்சுவர் பளிச்சென்று தெரிந்தது. ஹாரனும் அடித்தது. எஞ்சின் மட்டும் அசையவில்லை.

நானும் என் மனைவியும் தள்ளிப் பார்த்தோம், முடியவில்லை. நான்காவது வீடு எங்கள் சபையின் பழைய மூப்பர் வீடு. எட்டு மாதமாய் அவர் குடும்பம் ஆராதனைக்கு வரவில்லை. ஆலயக் கட்டிட சிமெண்ட் கணக்கில் எனக்கு ஒரு சந்தேகம். நேரே கேட்காமல், ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் ஜாடையாய்ப் பேசிவிட்டேன். ஆகானைப் பற்றிய செய்தி அது. யாரைச் சொல்கிறேன் என்று சபைக்கே தெரிந்தது.

அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டினேன். மனுஷர் பனியனோடு எழுந்து வந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு பையன்களையும் எழுப்பிக்கொண்டு மழையில் தள்ளினார். செகண்ட் கியரில் போட்டுக் கிளச்சை விட்டேன், பிடித்துக்கொண்டது. நன்றி சொல்லக்கூட நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எஞ்சின் ஆஃப் ஆகிவிடும் என்பது ஒரு காரணம்தான்.

போனபோது சகோதரிக்கு நினைவு இருந்தது. கையைப் பிடித்து ஜெபித்தேன். விடியற்காலம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அடக்க ஆராதனை முடிந்த மறுநாள் மெக்கானிக் தம்பி வந்தார். "புது பேட்டரி போட்டுரலாமா தம்பி?" என்றேன். "லைட்டு இப்படி எரியுது, பேட்டரி மேல என்ன ஐயா குத்தம்?" என்றார். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது பத்து ஆம்பியர் அளவுதானாம். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுப்பது நூறுக்கும் மேலே. லைட்டு எரிவதை வைத்து வழி முழுவதும் சரி என்று சொல்லமுடியாது என்றார். பேட்டரி டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப்பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினார். மறுபடியும் 'டிக்'தான்.

"சாவியைத் திருப்பிப் பிடிங்க ஐயா" என்று உள்ளே குனிந்தவர், சட்டென்று "விடுங்க விடுங்க" என்றார். சோக் கேபிளின் உறை புகைந்துகொண்டிருந்தது. எனக்குப் பயம், அவருக்குச் சிரிப்பு. ஒரு தடித்த வயரை எடுத்து ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் மேலுள்ள போல்ட்டிலும் பிடித்தார். சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்று! எஞ்சின் ஓடியது, அல்லேலூயா.

எஞ்சின் ரப்பர் மவுண்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடியோடு அதைச் சேர்ப்பது பின்னல்போட்ட ஒரு செம்புக் கம்பி. அதைத்தான் எர்த் என்கிறார்கள். கழற்றிக் காட்டினார். பச்சைக் களிம்பு பிடித்து, இரண்டு மூன்று இழைதான் மிச்சம். ஸ்டார்ட்டருக்குப் போகிற கரண்ட் திரும்பி வரவேண்டுமாம். வரும் வழி அறுந்தால் சும்மா இராது, பக்கத்தில் எந்த மெல்லிய கம்பி கிடைத்தாலும் அதன் வழியாய்ப் போகப் பார்க்கும். பாவம், அந்தச் சோக் கேபிள் அந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டதே அல்ல.

பிரியமானவர்களே, அந்த இடத்தில் ஆவியானவர் என்னைப் பிடித்தார். எட்டு மாதமாய் எங்கள் சபையில் லைட்டு நன்றாய் எரிந்தது. பாட்டு இருந்தது, கைத்தட்டல் இருந்தது, அந்நியபாஷை இருந்தது. பாரமான காரியம் வந்தால் மட்டும் 'டிக்'. கன்வென்ஷனுக்கு வெளியூர் ஊழியரை அழைத்துத் தள்ளவைத்தோம், ஓடினோம், நின்றோம். புது அபிஷேகத்துக்கென்று 21 நாள் உபவாசமும் கூறியிருந்தேன். உபவாசம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நான் கேட்டது புது பேட்டரி.

அந்தச் சோக் கேபிள் யார் தெரியுமா? என் மனைவி. மூப்பரும் அவர் வீட்டு அம்மாவும் பார்த்துவந்த வியாதியஸ்தர் சந்திப்பு, வீட்டுக்கூட்டம், திருவிருந்து ஆயத்தம் எல்லாம் அவள் தலையில் விழுந்திருந்தது. தலைவலி என்றாள், எரிந்து விழுந்தாள். நானோ, "உனக்கு ஜெபம் குறைஞ்சு போச்சு" என்று கடிந்துகொண்டேன். அன்று மதியமே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சாயங்காலம் நான்காவது வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்தும் வார்த்தை வரவில்லை. அவர்தான், "வண்டி சரியாச்சா பாஸ்டர்?" என்றார். கம்பியின் கதையைச் சொல்லி, அந்தப் பிரசங்கத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் பேசாமலிருந்து, உள்ளே போய் சிமெண்ட் பில்களைக் கொண்டுவந்தார். பார்க்க வேண்டாம் என்றேன். "பாத்துருங்க பாஸ்டர்" என்றார். இராத்திரி ஒன்பது மணிவரை பார்த்தோம். இரண்டு பில் ஒத்துவரவில்லை, இன்றுவரை ஒத்துவரவில்லை. அடுத்த ஞாயிறு, ஜாடை பேசிய அதே பிரசங்கபீடத்தில் நின்று என் தவறைச் சபைக்குச் சொன்னேன்.

அன்று இரவு புறப்படும்போது, "ஜெபம் பண்ணிட்டுப் போங்க பாஸ்டர்" என்றார். நான் தலையைக் குனிந்து, அவரையே ஜெபிக்கச் சொன்னேன்.