கூட்டும் கூடாதும்

'கூடாது' என்பதைத் தமிழில் தடைச் சொல்லாகப் பயன்படுத்துகிறோம். அதன் நேர்ப்பொருள் 'சேராது' என்பதுதான். கூடு என்ற வினையிலிருந்து கூட்டம் வந்தது. இலையில் வைக்கிற கூட்டும் அங்கிருந்தே வந்தது. சேராதது எப்போது தகாததாயிற்று என்பதை மொழிநூலார் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அக்கறை இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவில் உள்ள வழுக்கலில். 'இது சேராது' என்கிறவர் பல சமயம் 'இதை நீ செய்யாதே' என்றுதான் சொல்கிறார். ஆனால் தடை விதிக்கும் பொறுப்பைத் தான் ஏற்காமல், பொருள்களின் இயல்பின் மேல் போட்டுவிடுகிறார். இந்த வழுக்கலை நூல்களில் தேட வேண்டியதில்லை. சாப்பாட்டுக் கடையில், எதற்கு எதைத் தொட்டுக்கொள்வது என்ற அற்ப விவகாரத்தில், அது பட்டவர்த்தனமாக நடக்கிறது.

வீட்டில் இந்தக் கேள்வி எழுவதில்லை. இட்லிக்குச் சட்னி, கம்மஞ்சோற்றுக்குக் கருவாட்டுக் குழம்பு, உப்புமாவுக்குச் சீனி என்று யாரோ, எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். ஒவ்வொரு வீடும் தன் ஜோடிகளை இயற்கை விதியென்றே நம்பி வளர்கிறது. கடைக்குள் நுழைந்த பிறகுதான் இலை போட்டவர் கேட்கிறார்: "தொட்டுக்க என்ன?" இப்போது "சைடு என்ன?" என்கிறார்கள். மனிதன் தன் ஜோடியைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ளும் கேள்வி இது. நம் வாழ்வில் இப்படிப்பட்ட கேள்விகள் அதிகம் கேட்கப்படுவதில்லை.

விருதுநகரில் பெரிதாக எதுவும் விளைவதில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் விலை அங்கே முடிவாகும் என்று சொல்வதுண்டு. பருப்பு, வத்தல், எண்ணெய் எல்லாம் வேறிடத்திலிருந்து வந்து வேறிடத்துக்குப் போகின்றன. எண்ணெய் மொத்த வியாபாரம் நடக்கிற ஊரில் புரோட்டாவை எண்ணெயில் பொரித்தெடுப்பதில் ஆச்சரியமில்லை. விளிம்பு உயர்ந்த கல்லில் எண்ணெய் தேங்கி நிற்க, புரோட்டா அதில் வேகிறது. மேலே முறுகல், உள்ளே இளக்கம். அதைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, முறுகல் முழுக்க நனைவதற்குள் தின்ன வேண்டும். வடக்கே பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் மதுரை. தெற்கே சாத்தூரின் காராச்சேவு. மேற்கே சிவகாசி தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா. இத்தனை பண்டங்கள் இவ்வளவு நெருக்கத்தில் இருக்கும்போது அவை கலக்காமலிருக்குமா? பால்கோவாவை ஒரு கையிலும் காராச்சேவை மறு கையிலும் வைத்து மாறிமாறித் தின்பவர்களைப் பஸ் நிலையத்தில் பார்த்திருக்கிறேன். திருநெல்வேலியில் அல்வா தின்றவர் வாய்க்கு ஒரு பிடி காரம் கேட்பதும் இதே நியாயம்தான்.

இப்படியொரு கடையில் ஓர் இரவு எதிரே உட்கார்ந்திருந்தவர் மூட்டை இறக்கும் தொழிலாளி. புரோட்டாவைப் பிய்த்துப் போட்டார். கறிச் சால்னா ஊற்றினார். அதன்மேல் ஒரு கரண்டி தயிர். பிறகு பையிலிருந்து காராச்சேவுப் பொட்டலத்தை எடுத்துக் கையால் நொறுக்கித் தூவினார். பக்கத்தில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் பொறுக்கமாட்டாமல், "அண்ணாச்சி, தயிரும் கறிக் குழம்பும் சேராது" என்றார். "எனக்குச் சேருதே அண்ணாச்சி" என்று பதில் வந்தது. அதில் சவால் இல்லை. ஒரு தகவல் மட்டுமே இருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் மேலே பேசவில்லை. தன் இலையை நாலு விரற்கடை தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அந்த நாலு விரற்கடைதான் என் விஷயம். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இதை ஜாதி விவகாரமென்று நான் கற்பிக்க வரவில்லை. ஆனால் ஒரு பண்டத்தின் மேல் எழுந்த அபிப்பிராயம் எவ்வளவு சுருக்கில் ஒரு மனிதனிடமிருந்து விலகும் செயலாகிவிட்டது பாருங்கள்.

இம்மானுவேல் காண்ட் 1790இல் அழகுணர்ச்சியைப் பற்றி எழுதிய விமர்சனத்தில் கேனரித் தீவுகளின் ஒயினை உதாரணம் காட்டுகிறார். அது ருசியாக இருக்கிறது என்பவன் 'எனக்கு' என்று சேர்த்துக்கொள்ளச் சம்மதிப்பான். நாவின் விஷயத்தில் அவரவர் ருசி அவரவருக்கு. ஆனால் ஒரு பொருளை அழகென்று சொல்பவன் 'எனக்கு' என்று நிறுத்திக்கொள்வதில்லை. எல்லாரும் ஒப்ப வேண்டுமென்று கோருகிறான். காண்ட்டின் இந்தப் பாகுபாடு நம்மிடம் தலைகீழாக நிற்கிறது. ஒரு கவிதை நன்றாயிருக்கிறதா என்பதில் நாம் மகா தாராளம். "அது அவரவர் ரசனை" என்று சொல்லிக் கையைக் கழுவிவிடுவோம். விமர்சனம் இங்கே வேர்விடாமற்போனதற்கு அந்தத் தாராளமும் ஒரு காரணம். ஆனால் அடுத்தவன் இலையில் தயிர் எதன் மேல் விழுகிறது என்பதில் மட்டும் உலகம் முழுவதும் ஒப்ப வேண்டும் நமக்கு. ரசனையில் சட்டம் இல்லை. சாப்பாட்டில் சட்டம் உண்டு. இந்தத் தலைகீழுக்குக் காரணம், சாப்பாடு நமக்கு ஒருபோதும் நாவின் விஷயமாக மட்டும் இருந்ததில்லை என்பதுதான்.

'சேராது' என்பதில் மூன்று வகை இருக்கிறது. முதலாவது நாவின் சேராமை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவே. இதற்குத் தமிழில் 'வேண்டாம்' என்ற அழகான சொல் உண்டு. வேண்டாம் என்பவன் தன்னைப் பற்றி மட்டும் பேசுகிறான். இரண்டாவது பொருளின் சேராமை. சில பொருள்கள் நிஜமாகவே ஒன்றையொன்று பொறுப்பதில்லை. மூன்றாவது சமூகத்தின் சேராமை. இந்த மூன்றாவது வகை தன் சொந்த முகத்தோடு வெளியே வருவதில்லை. எப்போதும் இரண்டாவதன் வேஷத்தைப் போட்டுக்கொண்டு வருகிறது.

பாலும் மீனும் விருத்தம் என்று சரக சம்ஹிதை சொல்கிறது. மீன் தின்று பால் குடித்தால் உடம்பில் வெண்புள்ளி வரும் என்று நம் வீடுகளில் சொல்லாதவர் இல்லை. வங்காளிகள் தலைமுறைகளாகத் தயிரில் மீன் சமைத்து உண்கிறார்கள். வெண்புள்ளி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலுக்கு நிறம் தரும் அணுக்களை அழிப்பதால் வருவது; மீனுக்கும் பாலுக்கும் அதில் பங்கிருப்பதாக நிரூபணம் ஏதும் இல்லை. பழைய வைத்தியத்தை ஏளனம் செய்வது என் நோக்கமல்ல. கேள்வி கேட்க முடியாத ஒரு விதி எவ்வளவு எளிதாக ஆரோக்கியத்தின் பெயரால் நிற்கிறது என்பதே கவனிக்க வேண்டியது.

'தொட்டுக்கொள்ள' என்ற சொல்லுக்கு வருவோம். உணவின் துணையைத் தொடுகையால் குறிக்கிற அதே மொழியில்தான் மனிதர்களைத் தொடுகையால் பிரித்தோம். சேரன்மாதேவி குருகுலத்தில் 1924-25இல் வெடித்த விவகாரத்தில் எந்தப் பண்டம் எதனோடு சேரும் என்பது பிரச்னையல்ல. இரண்டு பிராமணப் பையன்கள் மற்றவர்களோடு ஒரே பந்தியில் உட்காரலாமா என்பதே பிரச்னை. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் இயக்கம் நடத்திய மறியல், பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லுக்காக. அதற்கு 7 வருஷம் முன்பே அமலுக்கு வந்துவிட்ட அரசியல் சாசனத்தின் 15ஆவது ஷரத்து, கடைகளோடு சேர்த்து உணவு விடுதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அங்கே நுழைய எவருக்கும் ஜாதியின் பேரால் தடையில்லை என்றது. சாசனம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது, தீண்டாமை குடியிருக்கும் இடங்களில் ஒன்று சாப்பாட்டு மேஜை என்று.

இந்தக் கரிசல் பிரதேசத்துக்கு அது வேறு விதத்திலும் தெரியும். நாடார்கள் கமுதிக் கோயிலுக்குள் 1897இல் நுழைந்தது வழக்காகி, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. நடுவில், 1899இல், சிவகாசி சூறையாடப்பட்டது. கூடாது என்று விலக்கப்பட்டவர்கள் பேட்டை அமைத்து, மகமை வசூலித்து, பள்ளிக்கூடம் கட்டி, சந்தையைக் கட்டி எழுப்பினார்கள். ஆனால் 'கூடாது' என்ற சொல் சாகவில்லை; இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. தென்மாவட்டத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளைகளை ஒரு தலைமுறை கண்ணாரக் கண்டது. அது பழங்கதை என்பவர்கள் 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூரில் அதற்காக வழக்குப் பதிவானதை நினைத்துக்கொள்ளலாம். 2023இல் தூத்துக்குடி மாவட்டத்து உசிலம்பட்டியில், பள்ளிக் காலை உணவைச் சமைத்தவர் தலித் பெண் என்பதால் குழந்தைகள் சாப்பிட மறுத்தார்கள். சமைத்ததில் எது எதனோடு சேரவில்லை? சமைத்த கைதான் சேரவில்லை. குழந்தைகளுக்கு அந்தச் சேராமையை நாவு சொல்லித் தரவில்லை.

பொருள்கள் நிஜமாகவே சேராத இடம் ஒன்று இங்கேயே, விருதுநகரிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கிறது. சிவகாசியில் வெடிக்கலவைக்கு 'மருந்து' என்று பெயர். குளோரேட் உப்பையும் கந்தகத்தையும் பட்டாசில் கலக்கக் கூடாதென்று 1939இல் அரசு அறிவிக்கை தடை செய்தது. காரணம் ரசாயனம். கந்தகத்தில் ஈரமும் காற்றும் பட்டுச் சிறிது அமிலம் ஊறுகிறது. அமிலம் குளோரேட்டைச் சிதைக்கிறது. கலவை தானே பற்றிக்கொள்ளலாம். லேசான உராய்வும் போதும். தீக்குச்சி முனையில் இருப்பதுபோன்ற சிறு அளவுக்கு விலக்கு உண்டு. இந்தக் 'கூடாது' எவ்வளவு நேர்மையானது பாருங்கள். அது காரணம் சொல்கிறது. அளவு சொல்கிறது. முதலாளி கலந்தாலும் கூலிக்காரி கலந்தாலும் ஒரே மாதிரி வெடிக்கிறது.

உண்மையான தடைக்கு இந்த மூன்று லட்சணங்களும் வேண்டும் என்று நினைக்கிறேன்: காரணம், அளவு, பாரபட்சமின்மை. தயிரும் கறிக் குழம்பும் சேராது என்பதை இந்த மூன்றின் முன் நிறுத்திப் பார்க்கலாம். காரணம் கேட்டால் "பெரியவங்க சொன்னது". அளவு கேட்டால் பதில் இல்லை. பாரபட்சமோ வெளிப்படை: தயிரில் ஊறப்போட்ட கறியைப் பெரிய ஹோட்டலில் தட்டில் வைத்துக் கொடுத்தால் அது பண்பாடு, மூட்டை சுமப்பவர் இலையில் கலந்துகொண்டால் அநாகரிகம்.

நம் நியாய உணர்ச்சியின் விபரீதம் இங்கேதான். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் செத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ. ஒவ்வொரு தடவையும் பத்திரிகையில் அதே வார்த்தை: உராய்வு. அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்ற வரம்புகள் காகிதத்தில் இருக்கின்றன. அவை மீறப்படுவதை அறிந்தும் நாம் இலையை நாலு விரற்கடை தள்ளிப் போட்டுக்கொள்வதில்லை. மத்தாப்பை வாங்கிக் கொளுத்துகிறோம். உயிரைக் காக்கும் 'கூடாது' நமக்கு விதிப் புத்தகத்தின் சமாச்சாரம். யாரையும் காக்காத 'கூடாது' நமக்குக் குலைநடுக்கம்.

ஒரு ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்படியானால் எதையும் எதோடும் கலக்கலாமா? தோசையில் சாக்லேட்டை ஊற்றிக் கைபேசியில் படம் பிடிப்பதும் சுதந்திரம்தானா? சுதந்திரம்தான். ஆனால் சுதந்திரம் எல்லாம் சாதனையாகிவிடாது. மெட்டாஃபிஸிகல் கவிகள் சேராத எண்ணங்களை வலிந்து பிணைப்பதாகச் சாமுவேல் ஜான்சன் குறை கண்டார். 1921இல் எலியட் அந்தப் பிணைப்பிலேயே அவர்களுடைய பலத்தைக் கண்டார். இருவருக்கும் இடையில் தீர்ப்புச் சொல்ல ஒரே கேள்வி போதும்: சேர்ந்த இரண்டும் ஒன்றையொன்று மாற்றினவா, அல்லது பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருக்கின்றனவா? தயிரில் விழுந்த காராச்சேவு நாலு கவளம் வரைக்கும் முறுகலாக இருக்கிறது. தயிரின் புளிப்புக்கு ஒரு முள் கிடைக்கிறது. சேவின் காரம் அடங்குகிறது. அது ஒரு கண்டுபிடிப்பு. சாக்லேட் தோசை பெரும்பாலும் ஒரு அறிவிப்புதான். நம் புதுக்கவிதைகளில் பலவும் இதே அறிவிப்பு ரகம்.

தவிர, இந்த விநோத ஜோடிகளின் பிறப்பிடம் கடையுமல்ல, சாகசமுமல்ல. மிச்சம். விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, தூக்குவாளியோடு பட்டாசு ஆலை வேனுக்கு நிற்கிற பெண், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள். பழைய மீன் குழம்பும் ஒரு வறண்ட தோசையும், ரசமும் பிள்ளை தின்று வைத்த மிக்ஸரும் அவள் தட்டில்தான் முதன்முதலில் சந்தித்தன. அவளிடம் யாரும் "தொட்டுக்க என்ன?" என்று கேட்டதில்லை. கடையில் தேர்வாக இருப்பது அவளுக்கு நிர்ப்பந்தமாக இருந்தது. அந்த நிர்ப்பந்தத்தில் பிறந்த ருசியைப் பார்த்து முகம் சுளிக்கிறவர், தான் சுளிப்பது சுவையைப் பார்த்தா, வறுமையைப் பார்த்தா என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

அருவருப்பு பொய்யல்ல. அது உடம்பில் நிஜமாகவே எழுகிறது. அதனாலேயே அது சாட்சியாகிவிட முடியாது. கற்றுக்கொடுத்ததையும் உடம்பு தன் சொந்தக் குரலில்தான் சொல்கிறது. எனக்கு ஒவ்வாததை நான் தொடாமலிருக்கலாம். 'வேண்டாம்' என்ற சொல் அதற்குப் போதும். அந்தச் சொல்லைத் தாண்டிக் 'கூடாது' என்று வாய் திறக்கும்போது, காரணமும் அளவும் சொல்ல நான் கடமைப்பட்டவன். அந்த விதி எனக்கும் சேர்த்துத்தான் என்று காட்டவும் கடமைப்பட்டவன். சொல்ல முடியாவிட்டால் என் இலை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.